என் பேரைச் சொன்ன குரல்

என் வீட்டுக்காரர் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. எழுதினால் தப்பில்லை என்று நினைத்துக்கொண்டு ஒரே ஒரு முறை எழுதிவிடுகிறேன்: முருகையன். அவரும் என் பெயரைச் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் "இந்தாம்மே" என்று கூப்பிட்டார். மகள் பொன்மணி பிறந்த பிறகு "பொன்னிம்மா" ஆனேன். இருபத்து மூன்று வருடம் அப்படியே ஓடிவிட்டது. ரேஷன் கார்டு, ஆதார், மகளிர் குழு நோட்டு எல்லாவற்றிலும் அன்புக்கரசி என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. வீட்டுக்குள் மட்டும் அந்தப் பெயருக்கு வேலையே கிடையாது.

எங்கள் பக்கத்தில் இது ஒரு விஷயமே இல்லை. பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி அக்காவை அவள் புருஷன் இன்றைக்கும் "ஏய்" என்றுதான் கூப்பிடுகிறான். அவளும் திரும்பிப் பார்க்கிறாள். எனக்கும் அதில் குறை ஒன்றும் இல்லை என்றுதான் வெளியே சொல்வேன். ஆனால் டிவி சீரியலில் எவனாவது பெண்டாட்டியைப் பெயர் சொல்லி மெதுவாகக் கூப்பிட்டால், செய்கிற வேலையை விட்டுவிட்டு நின்று பார்ப்பேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. நாற்பத்தைந்து வயதில் சொன்னால் கை கொட்டிச் சிரிப்பார்கள்.

நான் பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறேன். அவர் ஆட்டோ ஓட்டுகிறார். அவருக்கு எழுத வராது. பேச மட்டும் நன்றாக வரும். வாட்ஸ்அப் வந்ததும் மனுஷனுக்குக் கொண்டாட்டம். ஆட்டோ ஸ்டாண்டு குரூப், கோயில் திருவிழாக் குரூப், எங்கள் சீனிவாசபுரம் ஏரியா குரூப் எல்லாவற்றிலும் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பேசித் தள்ளுவார். "தண்ணி லாரி வந்துகினுகீது, கொடத்த எடுத்துகினு வாங்கம்மா." "கரண்டு ரெண்டு மணி வரிக்கும் வராது, செல்லுக்கு இப்பவே சார்ஜ் போட்டுக்கங்க." ஏரியாவில் நானூறு பேருக்கு அவர் குரல் அத்துப்படி. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பொன்மணிக்கு இருபத்தொரு வயது. அடையாறில் ஓர் ஆபீசில் வேலை. என்ன வேலை என்று கேட்கிறவர்களிடம் "கம்ப்யூட்டருக்குத் தமிழ் சொல்லிக் குடுக்குது" என்பேன். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு யார் யாரோ பேசினதைக் கேட்க வேண்டும். கேட்டதை அப்படியே டைப் அடிக்க வேண்டும். கோபமாகப் பேசினார்களா, அழுதுகொண்டு பேசினார்களா என்றும் பக்கத்தில் குறிக்க வேண்டும். இதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், ஏசி ரூம் கொடுக்கிறார்கள். மீன் நாற்றம் என் தலைமுறையோடு போகட்டும் என்று வேண்டிக்கொண்டவள் நான். அந்த மெஷின் நன்றாக இருக்கட்டும், நீண்ட நாள் இருக்கட்டும் என்று அதற்கும் சேர்த்து விளக்கேற்றினேன். அவள்தான் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"நாங்க சொல்லிக் குடுத்து முடிச்சதும் எங்களையே அனுப்பிடுவாங்கம்மா. அதுக்கப்புறம் அதுவே கேட்டு அதுவே எழுதிக்கும்."

"அதுக்கு அவ்ளோ அறிவு கீதா?" என்றேன்.

"குரல் கூட காப்பி அடிக்கும்மா. ஒரு ஆளு அரை நிமிஷம் பேசினது கிடைச்சாப் போதும். அப்பா மாதிரியே பேசும், சிரிக்கும், அழும். எங்க டீம் லீடரோட அத்தைக்கு அவங்க பையன் குரல்ல போன் வந்து பெரிய ரகளை ஆயிடுச்சு. நம்ம வீட்லயும் ஒரு ரகசிய வார்த்தை வெச்சிக்கணும். சந்தேகமா போன் வந்தா அதைக் கேக்கணும். 'சங்கரா மீன்'னு வெச்சிக்கலாமா?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க ஊட்டுக்கு நான் போன் பண்ண சங்கரா மீனாண்ட பர்மிஷன் வாங்கணுமா? போம்மே, போய்ப் படு." பேச்சு அதோடு முடிந்தது.

எனக்கு அது அதோடு முடியவில்லை. அன்றைக்கு ஆரம்பித்த பயம் அது. மறுநாள் வியாபாரத்தில் நிற்கும்போதும் அதே யோசனை. குரல் என்பது ஆளின் உடம்பிலிருந்து வருவது, அதை எப்படிப் பிய்த்து எடுத்துக்கொண்டு போக முடியும்? கானாங்கத்தை மீனைச் சுத்தம் பண்ணிக்கொண்டே யோசித்து யோசித்து எனக்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். அந்த மெஷின் கிளி மாதிரி என்று முடிவு பண்ணினேன். கேட்டதைத்தான் திருப்பிச் சொல்லும். அவர் இத்தனை வருடத்தில் போனில் பேசாத வார்த்தை இல்லை. கெட்ட வார்த்தைகூடப் பேசியிருக்கிறார். பேசாத வார்த்தை ஒன்றே ஒன்றுதான். சந்தேகம் வந்தால் என் பெயரைச் சொல்லச் சொல்வேன். அவர் குரலில் அது எங்கேயும் இல்லையே, மெஷின் எங்கே போய் எடுக்கும்?

என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஆனால் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. வயசுப் பெண்ணிடம் போய், உங்கப்பா என் பேரைச் சொன்னதே இல்லைடி, அதான் நம்ம ரகசிய வார்த்தை என்று எந்த முகத்தோடு சொல்வது? சொல்லியிருந்தால் அவள் ஒரே நிமிடத்தில் என் தலையில் குட்டி, அந்த மெஷின் கிளி இல்லை என்று புரிய வைத்திருப்பாள். வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டேன்.

வாயை மூடிக்கொண்ட இன்னொரு விஷயமும் உண்டு. எங்கள் தெரு முனையில் பாலு என்று ஒருத்தன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். பொன்மணி வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பின்னாலேயே வண்டியில் வந்தான். புதுப்புது நம்பரிலிருந்து போன் செய்தான். அவள் எல்லாவற்றையும் பிளாக் பண்ணினாள். தெரியாத நம்பர் வந்தால் எடுப்பதையே விட்டுவிட்டாள். ஒருநாள் நான் மீன் வெட்டுகிற கத்தியோடு அவன் கடை வாசலில் போய் நின்றேன். "தப்பா எட்துக்காத அக்கா, இனிமே அந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று கும்பிட்டான். அவர் காதுக்கு மட்டும் இது போகக் கூடாது என்று நானும் மகளும் பேசிக்கொண்டோம். போனால் அடிதடி, போலீஸ், கோர்ட் என்று ஆகிவிடும். மனுஷனுக்கு முன்கோபம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. மந்தைவெளி, ஆழ்வார்பேட்டைப் பக்கத்திலிருந்தெல்லாம் காரில் வந்து நிற்கிறார்கள். பதினோரு மணி இருக்கும். வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர். தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன்.

"பொன்னிம்மா, நான்தான்."

அவர் குரல். தண்ணி லாரிக்குக் கூப்பிடுகிற அதே கரகரப்பு.

"யார் நம்பர் இது?"

ஒரு நிமிடம் ஒன்றும் கேட்கவில்லை. டவர் இல்லை போல என்று நினைத்தேன்.

"என் போன் ஒட்ஞ்சி போச்சி. வேற ஆளு போன்ல பேசிகினுகீறேன். திருவான்மியூர்ல வண்டி சாஞ்சிட்ச்சி. கால்ல அடி. ஒண்ணியும் பயப்படாத."

கத்தி எங்கே போனது, மீன் எங்கே போனது என்று தெரியவில்லை. எந்த ஆஸ்பத்திரி, ரத்தம் வருகிறதா, எலும்பு முறிந்ததா என்று கேட்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் கொஞ்சம் பொறுத்துத்தான் பதில் வந்தது. வலியில் பேச முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு அழுதேன்.

"சின்ன கிளினிக்குதான். இங்க ஃபாரம் எல்லாம் இங்கிலீஷ்ல கீது. பொன்னிய அனுப்பு. பஸ் ஸ்டாண்டுல நிக்கச் சொல்லு, ஒரு பையன் வண்டில வந்து இட்டுகினு வருவான். நீ வராத, யாவாரம் கெட்டுப் பூடும்."

நியாயமாகத்தான் இருந்தது. அவருக்கும் எனக்கும் ஃபாரம் என்றாலே கை நடுங்கும். வீட்டில் எதையும் நிரப்புகிறவள் அவள்தான். சரி, உடனே அனுப்புகிறேன் என்று சொல்ல வாயெடுத்தவளுக்குத் திடீரென்று நினைப்பு வந்தது. பொன்மணி சொன்ன டீம் லீடர் அத்தை. என் சாமர்த்தியம்.

வாடிக்கையாளர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "என் பேர சொல்லு" என்றேன்.

சத்தமில்லை. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பயத்தில் அடித்ததா, வேறு எதிலாவது அடித்ததா என்று இன்றைக்கும் தெரியாது.

"அன்புக்கரசி" என்றது குரல். அவசரமில்லாமல், ஒவ்வொரு எழுத்தாக, பிரியமாகச் சொன்னது. "அன்புக்கரசி, அயாத. நான் நல்லாத்தான் கீறேன்."

கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அடிபட்டுக் கிடக்கிறபோதாவது மனுஷனுக்கு என் பெயர் வாயில் வந்ததே என்று உருகிப்போனேன். எதிரே சங்கரா கேட்டுக்கொண்டிருந்த அம்மா "என்னம்மா ஆச்சு?" என்று பதறினார்.

பொன்மணி வீட்டில் தலைக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். போன் செய்ததும் ஈரத் தலையோடு ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முதலில் அப்பா நம்பருக்கு அடித்துப் பார்த்தாள். சுவிட்ச் ஆஃப்.

"அப்பாதானாம்மா? நல்லாத் தெரியுமா?"

"நான் செக் பண்ட்டேன்டி."

"என்ன கேட்டே? சங்கரா மீனா?"

"அது எனக்கும் உங்கப்பாவுக்கும். நீ கெளம்பு" என்றேன். என் முகத்தில் அப்போது வெட்கம்கூட இருந்திருக்கும். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். மேலே கேட்கவில்லை. என்னைக் கெட்டிக்காரி என்று நம்பி, எனக்குப் போன் வந்த நம்பரையும் தன் போனில் ஏற்றிக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனாள்.

அரை மணி நேரம் போயிருக்கும். வியாபாரத்தில் மனசு ஒட்டவில்லை. ஆரோக்கியமேரி அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று கை கழுவிக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு ஆட்டோ வந்து நின்றது. அவர் இறங்கினார். இரண்டு காலாலும் இறங்கினார். காக்கிச் சட்டையில் ஒரு கசங்கல்கூட இல்லை.

"இன்னாம்மே, பேய் அறைஞ்ச மாதிரி பாக்கற? ஒரு டீ வாங்கிக் குடு."

அவர் காலைத் தொட்டுப் பார்த்தேன். முழங்காலை அழுத்திப் பார்த்தேன். மார்க்கெட்டே வேடிக்கை பார்த்தது.

"போன் எங்க?" என்று எப்படியோ கேட்டேன்.

"காலைல கீழ வுயுந்து டிஸ்ப்ளே பூட்ச்சி. நம்ம பாலு கடைல குட்துகீறேன். சாய்ங்காலம் தரேன்னான்."

பாலு. அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சொன்னேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். போன் வந்ததையும், பொன்மணியை அனுப்பினதையும், நாலு மாதமாக அவன் அவள் பின்னால் சுற்றினதையும். பெயர் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முகம் வெளுத்துப்போய், "வண்டில ஏறு" என்று மட்டும் சொன்னார்.

ஆட்டோ ஓடத் தொடங்கியதும் பொன்மணிக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பப் போட்டேன். திரு.வி.க. பாலம் ஏறும்போது எடுத்தாள்.

"அம்மா, பஸ் ஸ்டாண்டு வந்துட்டேன். ஹெல்மெட் போட்ட ஒருத்தன் வண்டில வந்து நிக்கறான். வா வான்னு கை காட்டறான். ஏறவா?"

"ஏறாதடி! அப்பா இங்க கீறாரு, எங்கூட கீறாரு! அது பாலுடி! ஏறாத!"

அவர் ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் என் போனைப் பிடுங்கி, "பொன்னி, அப்பாடி! எங்கயும் போவாத!" என்று கத்தினார். அந்தப் பக்கத்தில் அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அப்புறம் போன் கட்டானது. திரும்ப அடித்தால் எடுக்கவில்லை. அதற்கப்புறம் சுவிட்ச் ஆஃப்.

அடையாறு சிக்னலில் சிவப்பு விழுந்திருந்தது. அவர் நிற்கவில்லை. எல்.பி. ரோடு முழுவதும் நான் மருந்தீஸ்வரரைக் கூப்பிட்டேனா, மாதாவைக் கூப்பிட்டேனா என்று தெரியாது. வண்டியில் ஏற்றிக்கொண்டு அவன் எங்கே போவான்? கடற்கரைப் பக்கம் போவானா, ஈ.சி.ஆரில் போவானா? என் வாயாலேயே அனுப்பி வைத்தேனே என்று மார்பில் அடித்துக்கொண்டேன். பெற்ற பெண்ணை என் கையால் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன் என்ற நினைப்பைத் தவிர வேறு எதுவும் எனக்குள் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் ஹெல்மெட் போட்டவன் யாரும் இல்லை. பொன்மணியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அவர் பஸ்களுக்கு நடுவில் ஓடிக்கொண்டே தொண்டை கிழியக் கூப்பிட்டார்.

"பொன்னீ! பொன்னீ!"

அப்போதுதான் பார்த்தேன். பூக்கட்டுகிற பெண்கள் நாலைந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் பொன்மணி சுருண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா குரல் கேட்டதும் எழுந்து வருவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்தாள்; எழுந்து எதிர்ப்பக்கம் ஓடினாள். அவர் "பொன்னீ" என்று கத்தக் கத்த, செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல், காதிரண்டையும் பொத்திக்கொண்டு ஓடினாள். பூக்காரம்மா ஒருத்தி எழுந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

நான்தான் ஓடிப்போய் அவளைப் பிடித்தேன். என் முகத்தை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தாள்.

"அந்த நம்பர்ல இருந்து திரும்பவும் அப்பா பேசிச்சும்மா. 'பொன்னி, ஏன் லேட்டு, வண்டில ஏறு'ன்னு. அதே குரல். அப்புறம் உன் போன்லயும் அதே குரல். எது அப்பான்னு எனக்குத் தெரியலம்மா. போனையே ஆஃப் பண்ணிட்டேன்."

அவர் நாலடி தள்ளி நின்றார். கிட்டே வரவும் பயம், பேசவும் பயம். தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டு நின்று அழுதார்.

பாலுவை அன்றைக்குச் சாயங்காலமே பிடித்துவிட்டார்கள். சும்மா தனியாகப் பேசத்தான் கூப்பிட்டேன் என்று ஸ்டேஷனில் சொன்னானாம். ஏரியா குரூப்பில் வந்த தண்ணி லாரி மெசேஜ்களை எடுத்து, போனிலேயே ஏதோ ஒன்றில் போட்டானாம். அதற்கப்புறம் என்ன டைப் அடித்தாலும் அவர் குரலில் பேசுமாம். பத்து நிமிட வேலையாம். அதனால்தான் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் அந்த இடைவெளி. அவன் டைப் அடித்துக்கொண்டிருந்திருக்கிறான். தெருவுக்கே தெரிந்த என் பெயரையும் அப்படித்தான் அடித்திருக்கிறான். பொன்மணி இதை எனக்குச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "இதுக்குத்தாம்மா நாங்க தமிழ் சொல்லிக் குடுத்துக்கினு இருக்கோம்." மறுநாள் வேலைக்குப் போனாள். போகாமல் என்ன செய்வது?

நாலு நாள் கழித்து, சோறு போட்டுக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார். திட்டவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"நீ ஒரு மீனையே செவுள தூக்கிப் பாக்காம வாங்க மாட்டே. இத்த எப்டி நம்புனே?"

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். வரவில்லை. "என் பேர சொல்லச் சொன்னேன். சொல்லிச்சு" என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். நான் சட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குப் போனில் நான் அவரிடமே கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நாலு நாளாக எனக்குத் தெரியும். "இன்னாம்மே, லூசா நீ? அடிபட்டுக் கெடக்கறேன், பேரக் கேக்கற?" என்று எரிந்து விழுந்திருப்பார். அதுதான் என் வீட்டுக்காரர். பெயரைச் சொன்னதுமே இது அவர் இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

அப்புறம் தொண்டையைச் செருமினார்.

"அன்பு..." என்றார். நின்றுவிட்டார். காது சிவந்துபோனது. "அன்புக்கர்சி" என்று அவசரமாக முடித்துவிட்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "சர்யா?" என்று கேட்டார்.

"ம்" என்றேன். எழுந்துபோய்த் தண்ணீர் மொண்டு வைத்தேன்.

இருபத்து மூன்று வருடமாக நான் காத்துக்கொண்டிருந்தது அது. நிஜ மனுஷன், நிஜ வாய். ஆனால் அந்த இன்னொரு குரல் சொன்னது இதைவிட நன்றாக இருந்தது. ஒவ்வொரு எழுத்தாக, அவசரமில்லாமல், பிரியமாகச் சொன்னது. இதை நான் அவரிடம் எப்போதும் சொல்லப் போவதில்லை. ஆனால் தெரியாத நம்பரிலிருந்து போன் அடிக்கும்போதெல்லாம் என் கை தானாக அதை எடுக்க நீள்கிறது. என் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்த குரல் அது என்று தெரிந்தும் நீள்கிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.